99 சதவீதம் ‘ஆம்’ என்றால் இத்தாலியை மக்கள்தான் ஒன்றாக்கினார்களா?

ஜூன் 3 – வாசகர் கேள்வி

1860 அக்டோபர் 21 அன்று நேப்பிள்ஸ் அரசின் நிலப்பகுதியில் நடந்த பொதுவாக்கெடுப்பில், வடக்கே டூரினைத் தலைநகராகக் கொண்டு விக்டர் இம்மானுவேல் மன்னர் ஆண்ட பீட்மாண்ட் அரசோடு இணைவதற்கு ஆதரவாக 13,02,064 வாக்குகளும் எதிராக 10,312 வாக்குகளும் விழுந்தன. அதே நாளில் சிசிலியில் 4,32,053 பேர் ஆதரித்தார்கள், 667 பேர் எதிர்த்தார்கள். இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருக்கும்போது, தென்னித்தாலியை வடக்கு பிடித்துக்கொண்டது என்று இன்னமும் எழுதுகிறவர்கள் எந்த ஆதாரத்தை வைத்து எழுதுகிறார்கள்?

ஜூன் 3, இரவு

எண்கள் சரியானவை. அவற்றை மறுப்பவர் எவரும் இல்லை. கேட்க வேண்டியது, அந்த வாக்குகள் எப்படி விழுந்தன என்பதுதான்.

வாக்களிப்பு மேசையில் மூன்று பெட்டிகள் இருந்தன. ஒரு பக்கத்துப் பெட்டியில் அச்சிட்ட ‘ஆம்’ சீட்டுகள், மறுபக்கத்துப் பெட்டியில் அச்சிட்ட ‘இல்லை’ சீட்டுகள், நடுவில் வெறும் பெட்டி. 21 வயது நிரம்பிய ஆண், தனக்கு வேண்டிய சீட்டை இரண்டில் ஒரு பக்கத்திலிருந்து எடுத்து நடுப்பெட்டியில் போட வேண்டும். அவர் கை எந்தப் பக்கம் போகிறது என்பதை மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிகளும், வரிசையில் நின்ற அண்டை வீட்டாரும், காவலுக்கு நின்ற தேசியக் காவல் படையினரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் பள்ளியில் வரலாறு கற்பித்தவன். ஆசிரியர்களுக்குத் தேர்தல் பணி தவறாமல் வரும் என்பதால், வாக்குச்சீட்டுக் காலத்திலிருந்தே பல வாக்குச்சாவடிகளில் உட்கார்ந்திருக்கிறேன். மறைப்பு அட்டைக்குப் பின்னால் போன பிறகும் தலையை வெளியே நீட்டி, “எதுல குத்தணும் சார்?” என்று கேட்ட முதியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறைவிடம் இருக்கும்போதே மனிதர்கள் மற்றவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள் என்றால், அதுவே இல்லாத இடத்தில் 10,312 பேர் ‘இல்லை’ப் பெட்டிக்குள் கைவிட்டிருக்கிறார்களே என்பதுதான் எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஜூன் 4

நேற்று எழுதியதில் பெட்டிகளைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டேன். பெட்டியைவிடக் கேள்விதான் முக்கியமானது. ‘ஒன்றாகவும் பிரிக்க இயலாததாகவும் அமைந்த இத்தாலியை, விக்டர் இம்மானுவேலையும் அவருடைய முறையான வாரிசுகளையும் அரசியலமைப்பு மன்னர்களாகக் கொண்டு, மக்கள் விரும்புகிறார்கள்’ என்ற வாக்கியத்துக்குத்தான் ஆம் அல்லது இல்லை சொல்ல வேண்டும். ஒன்றுபட்ட இத்தாலி வேண்டும், ஆனால் கூட்டாட்சியாக வேண்டும் என்று நினைத்தவருக்கு அதில் இடமில்லை. இத்தாலி வேண்டும், மன்னர் வேண்டாம் என்ற குடியரசுவாதிக்கும், சிசிலிக்குத் தன் சட்டமன்றத்தைத் திருப்பித் தந்தால் இணையலாம் என்று எண்ணிய பலெர்மோக்காரருக்கும் இடமில்லை. ‘இல்லை’ என்றால் நேப்பிள்ஸையும் சிசிலியையும் ஆண்டிருந்த போர்பன் மன்னர் பிரான்செஸ்கோ திரும்பி வருவதற்கு ஆதரவு என்றே பொருள் கொள்ளப்படும். ஆகவே இவர்கள் அனைவரும் ‘ஆம்’ பக்கமே போனார்கள்.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. கூட்டாட்சிவாதியான கார்லோ கத்தானியோ அந்தச் செப்டம்பரில் நேப்பிள்ஸுக்கு வந்து, முதலில் மக்கள் பிரதிநிதிகள் அடங்கிய சபையைத் தேர்ந்தெடுங்கள், அது இணைப்பின் நிபந்தனைகளைப் பேசி முடிக்கட்டும் என்று, தொண்டர் படையோடு வந்து தெற்கைப் பிடித்திருந்த கரிபால்டியிடம் வாதாடினார். கரிபால்டியின் துணைவர் கிரிஸ்பியும் அந்தப் பக்கம்தான் நின்றார். சிசிலியில் கரிபால்டியின் சார்பில் ஆண்ட மொர்தினி சபைத் தேர்தலுக்கே அழைப்பு விடுத்திருந்தார். டூரினில் இருந்த பீட்மாண்டின் பிரதமர் கவூர் இதை விரும்பவில்லை. நிபந்தனையற்ற இணைப்பை மட்டுமே ஏற்போம் என்ற சட்டத்தை அக்டோபரில் தம் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றிக்கொண்டார். நேப்பிள்ஸில் கரிபால்டியின் பிரதிநிதியாக இருந்த பல்லவிச்சினோ வாக்கெடுப்பை வலியுறுத்தினார், அதுவே வென்றது. பேரம் பேசும் சபை போய், ஆம்-இல்லை பெட்டி வந்தது.

கவூரின் அச்சத்துக்கும் காரணம் இருந்தது. சபை கூடினால் மாதக்கணக்கில் பேசும், அதற்குள் கரிபால்டி ரோமை நோக்கி நடப்பார், ரோமில் போப்பைக் காத்து நிற்பது பிரெஞ்சுப் படை. பிரான்சுடன் போர் மூண்டால் அதுவரை சேர்த்ததெல்லாம் போய்விடும். அதோடு, பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் தாமே 1851, 1852 ஆகிய ஆண்டுகளில் பொதுவாக்கெடுப்பு நடத்தி அரியணைக்கு வந்தவர். ஆகவே அவர் மறுக்க முடியாத ஒரே நியாயம் பொதுவாக்கெடுப்புதான் என்பதைக் கவூர் நன்றாகக் கணக்கிட்டிருந்தார்.

ஜூன் 4, பிற்பகல்

ரகசிய வாக்கெடுப்பு இல்லை என்பதை மட்டும் வைத்து அடிக்க வேண்டாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது நியாயம். பிரிட்டனில் ரகசிய வாக்கு 1872இல்தான் வந்தது. ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் மாநிலச் சட்டமன்றத் தேர்தல் 1918 வரை வெளிப்படையாகவே நடந்தது. மறைவான வாக்கை 1856இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தவை ஆஸ்திரேலியக் குடியேற்றங்கள். அக்கால நேர்மையாளர் பலர், வாக்கு என்பது ஊரறியச் சொல்ல வேண்டிய பொறுப்பு, ஒளிந்து செய்கிறவன் கோழை என்றே நம்பினார்கள். ஆகவே மூன்று பெட்டிகளைச் சூழ்ச்சி என்று அழைப்பதைவிட, அவை காட்டுவது தனிமனிதரின் உள்ளக் கருத்தை அல்ல, ஊரின் நிலைப்பாட்டை என்று சொல்வது பொருத்தமாக இருக்கும். ஊர்ப் பெரியவர் எந்தப் பக்கமோ, ஊரும் அந்தப் பக்கம்.

ஜூன் 6

மற்ற வாக்கெடுப்புகளையும் வரிசையில் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும்.

1860 மார்ச்சில் வட இத்தாலியின் எமிலியாவில் ஆதரவு 4,26,006, எதிர்ப்பு 756. அதே நாட்களில் டஸ்கனியில் இணைப்புக்கு 3,66,571 வாக்குகளும் தனி அரசுக்கு 14,925 வாக்குகளும் விழுந்தன. இந்த 14,925ஐக் கவனியுங்கள். இவ்விரு இடங்களிலும் கேள்வி ஆம்-இல்லை என்று இல்லாமல் ‘இணைப்பா, தனி அரசா’ என்று இருவழியாகக் கேட்கப்பட்டது. ஆனாலும் டஸ்கனியில் மட்டும் எதிர்ப்பு நான்கு சதவீதத்தை நெருங்கியது. இத்தனைக்கும் அங்கே நிலக்கிழார்கள் தங்கள் குத்தகைக் குடியானவர்களை ஊர்வலமாக அழைத்துப்போய் வாக்களிக்க வைத்தார்கள்.

அடுத்த மாதம், பீட்மாண்டின் கையில் இருந்த நீஸும் சவாயும் பிரான்சோடு சேர்வதற்கு வாக்களித்தன. அதாவது, பீட்மாண்டுக்குத் துணையாகப் பிரான்சு 1859இல் ஆஸ்திரியாவை எதிர்த்துப் போரிட்டதற்கான கூலி. மார்ச் 24 அன்றே ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது, மக்களிடம் கேட்டது ஏப்ரலில். சவாயில் 1,30,533 ஆம், 235 இல்லை. இத்தாலியோடு சேர்கிறோம் என்று எமிலியா மக்கள் சொன்ன அதே ஒருமனத்தோடு, பிரான்சோடு சேர்கிறோம் என்று சவாய் மக்கள் சொன்னார்கள். எந்தக் கேள்வியைக் கேட்டாலும் 99 சதவீதம்!

நீஸ் கரிபால்டி பிறந்த ஊர். தம் ஊரையே அயல்நாட்டுக்கு விற்றுவிட்டார்கள் என்று நாடாளுமன்றத்தில் சீறினார். நீஸுக்குப் போய் வாக்குப்பெட்டிகளையே உடைத்துவிடலாம் என்று அவரும் தாமும் திட்டமிட்டதாக லாரன்ஸ் ஒலிபண்ட் என்ற ஆங்கிலேயர் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். சிசிலியில் கிளர்ச்சி வெடித்ததால் கரிபால்டி அந்த வேலையை விட்டுவிட்டு, மே மாதத்தில் ஆயிரம் பேரோடு மர்சாலாவுக்குக் கப்பலேறினார். வாக்குப்பெட்டியை உடைக்கக் கிளம்பியவர் ஐந்து மாதத்தில் வாக்குப்பெட்டி வைத்துத் தம் வெற்றியை மன்னரிடம் ஒப்படைத்தார் என்பதை வகுப்பில் சொன்னால் மாணவர்கள் சிரிப்பார்கள். எனக்கு மட்டும், அவருக்குக் கடைசிவரை நீஸ் ஆறாத புண்ணாகவே இருந்தது என்பது நினைவுக்கு வரும்.

வெனிஸ் இன்னும் விசித்திரம். ஆஸ்திரியாவை எதிர்த்து நடந்த 1866 போரில் இத்தாலி குஸ்தோசாவிலும் லிஸ்ஸாவிலும் தோற்றது, கூட்டாளியான பிரஷ்யா வென்றது. ஆஸ்திரியா தன் கையில் இருந்த வெனிஸியாவை இத்தாலியிடம் நேராகத் தர மறுத்து மூன்றாம் நெப்போலியனிடம் தந்தது. அவருடைய பிரதிநிதி அக்டோபர் 19 அன்று வெனிஸ் நகரில் ஒரு ஓட்டல் அறையில் அதை ஒப்படைத்தார். மக்கள் வாக்களித்தது 21, 22 தேதிகளில். ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர் ஆதரித்தார்கள், எதிர்த்து விழுந்தவை 69.

ஜூன் 9

கேள்வி கேட்ட நண்பர், ‘சரி, மக்கள் விருப்பமே இல்லை என்கிறீர்களா?’ என்று திரும்பக் கேட்கிறார். இல்லை. போர்பன் ஆட்சியின் மீது நேப்பிள்ஸிலும் பலெர்மோவிலும் இருந்த வெறுப்பு உண்மையானது. 1848 ஜனவரியில் ஐரோப்பாவின் அந்த ஆண்டுப் புரட்சி அலையையே பலெர்மோதான் தொடங்கிவைத்தது. என் கருத்து வேறு. அந்த ‘ஆம்’ மக்களிடமிருந்து ஒரே ஒரு முறை வாங்கப்பட்டது, பிறகு அவர்களிடம் எதுவும் கேட்கப்படவில்லை.

இரண்டு எண்களைப் பக்கத்தில் வையுங்கள். 1860 அக்டோபரில் தெற்கில் மட்டும் 17 லட்சத்துக்கு மேற்பட்ட ஆண்கள் வாக்களித்தார்கள். 1861 ஜனவரியில் இத்தாலி முழுவதற்குமான முதல் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 4,18,000 பேர், அதாவது மக்கள்தொகையில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. 25 வயதும், எழுத்தறிவும், பொதுவாக ஆண்டுக்கு 40 லிரா நேர்முக வரி செலுத்தும் தகுதியும் வேண்டும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கத் தகுதியுள்ளவராக இருந்த குடியானவர், இப்போது தம் தொகுதிக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கத் தகுதியற்றவராகிவிட்டார். அந்த 4,18,000 பேரிலும் 57 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். தேர்ந்தெடுப்பவராகவும் இராதே, தேர்ந்தெடுக்கப்படுபவராகவும் இராதே என்று கத்தோலிக்க இதழாளர் மர்கோத்தி அப்போதே முழங்கத் தொடங்கியிருந்தார்.

1861 மார்ச் 17 அன்று இத்தாலி அரசு அறிவிக்கப்பட்டபோது அரசியல் நிர்ணய சபை எதுவும் கூடவில்லை. பீட்மாண்டின் முந்தைய மன்னர் கார்லோ ஆல்பெர்ட்டோ 1848 மார்ச் 4 அன்று வழங்கிய அரசியல் சட்டமே புதிய நாட்டுக்கும் சட்டமாயிற்று. புதிய இத்தாலியின் முதல் நாடாளுமன்றம் தன்னை எட்டாவது நாடாளுமன்றம் என்று எண்ணிட்டுக்கொண்டது, ஏனெனில் முந்தைய ஏழும் பீட்மாண்டுடையவை. இத்தாலியின் முதல் மன்னர் விக்டர் இம்மானுவேல் ‘இரண்டாம்’ என்ற பட்டத்தை விடவில்லை. வாக்கெடுப்புத் தாளில் புதிய நாடு இருந்தது, அரசிதழில் பழைய அரசின் தொடர்ச்சி இருந்தது.

ஜூன் 10

“இத்தாலியை உருவாக்கிவிட்டோம், இனி இத்தாலியர்களை உருவாக்க வேண்டும்” என்ற மாசிமோ த’அசெலியோவின் வாசகத்தை ஒருவர் இங்கே ஒட்டியிருக்கிறார். இந்த வடிவில் அவர் எழுதவில்லை. அவர் மறைந்தபின் 1867இல் வெளியான நினைவுக் குறிப்புகளில், துரதிர்ஷ்டவசமாக இத்தாலி உருவாகிவிட்டது, இத்தாலியர்கள் உருவாகவில்லை என்ற பொருளில், குணநலன்களைப் பற்றிய புலம்பலாக ஒரு வரி வருகிறது. அதைச் செதுக்கி மேடை வாசகமாக்கியவர் 1896இல் பெர்தினாந்தோ மார்த்தினி.

த’அசெலியோ எழுதிய உண்மையான வரி ஒன்று இந்த விவாதத்துக்கு இதைவிடப் பொருத்தமானது. கவூருக்கு முன் பீட்மாண்டின் பிரதமராக இருந்த பழமைவாதி அவர். 1861 ஆகஸ்ட் 2 தேதியிட்ட கடிதத்தில், நேப்பிள்ஸில் மன்னரை விரட்டிவிட்டு மக்கள் சம்மதத்தின் மீது அரசு அமைத்தோம், ஆனால் அங்கே நிலைத்திருக்க அறுபது பட்டாளங்கள் தேவைப்படுகின்றன, அவையும் போதவில்லை போலிருக்கிறது என்கிறார். வாக்குகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, நேப்பிள்ஸ் அரசின் பழைய எல்லையான திரோந்தோ ஆற்றுக்கு இந்தப் பக்கம் பட்டாளம் வேண்டியதில்லை, அந்தப் பக்கம் வேண்டியிருக்கிறது என்பது மட்டும் தெரியும் என்றும் எழுதுகிறார். வடக்கு தெற்கைப் பிடித்தது என்ற வாதத்துக்கு ஆதாரம் கேட்டீர்களே, அதை முதலில் எழுதியவர்களில் ஒருவர் டூரின் பிரபு.

ஜூன் 13

அந்தக் கடிதத்துக்குப் பன்னிரண்டு நாட்கள் கழித்து, பெனவென்தோவுக்கு அருகில் படைவீரர்கள் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க, பொந்தெலாந்தோல்போ, கசல்துனி என்ற இரு ஊர்களை ராணுவம் கொளுத்தியது. இறந்தவர் எண்ணிக்கையில் இன்றும் சண்டை நடக்கிறது, இணையத்தில் பெருக்கிக்கொண்டே போகிறார்கள், அதில் நான் நுழையப்போவதில்லை. 1863 ஆகஸ்டில் வந்த பீக்கா சட்டம் தெற்கின் கலகப் பகுதிகளை ராணுவ நீதிமன்றங்களின் கீழ் கொண்டுவந்தது. 1865 முடியும்வரை அது நடப்பில் இருந்தது.

ஆனால் இதை வடக்கு-தெற்குப் போர் என்று மட்டும் எழுதுவதிலும் எனக்கு இப்போது தயக்கம் வந்திருக்கிறது. கொள்ளைக்காரர் என்று அரசு அழைத்த கூட்டங்களை எதிர்த்துப் போராடிய தேசியக் காவல் படையினரும் தெற்கத்தியர்தான், பெரும்பாலும் நிலமுள்ளவர்கள். பகையின் வேர் நிலத்தில் இருந்தது. பொதுநிலங்களைப் பங்கிட்டுத் தருவதாக 1860 ஜூன் 2 அன்று கரிபால்டி ஆணையிட்டார். அதை நம்பி ஆகஸ்டில் எட்னா மலையடிவாரத்து ப்ரோந்தே என்ற ஊரில் குடியானவர்கள் எழுந்து, ஊர்ப் பிரமுகர்கள் பலரைக் கொன்றார்கள். போர்பன் மன்னர் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனுக்குப் பரிசாகத் தந்த பெருநிலம் அங்கே இருந்தது. கரிபால்டியின் தளபதி நினோ பிக்ஸியோ வந்து அவசர விசாரணை நடத்தி, ஆகஸ்ட் 10 அன்று ஐவரைச் சுட்டுக்கொன்றார். இரண்டு மாதம் கழித்து அந்தத் தீவு 667 எதிர்ப்பு வாக்குகளோடு ‘ஆம்’ என்றது.

சிசிலிக்குக் கட்டாய ராணுவச் சேவை புதியது. போர்பன்கள்கூட அங்கே ஆள் பிடித்ததில்லை. ஆயிரக்கணக்கான இளைஞர்கள் மலையேறினார்கள். 1866 செப்டம்பரில் பலெர்மோ நகரமே ஒரு வாரம் கலகக்காரர் கையில் இருந்தது. அதை அடக்க அனுப்பப்பட்டவர் ஜெனரல் ரபயேலே கடோர்னா. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 14

1861இல் எல்லாப் பழைய அரசுகளின் கடனையும் ஒரே பேரேட்டில் சேர்த்தார்கள். பெரும்பங்கு பீட்மாண்டின் கடன், போர்களுக்கும் ரயில் பாதைகளுக்கும் வாங்கியது. வட்டி கட்டுவது மட்டும் எல்லோருக்கும் பொது. வரவுக்கும் செலவுக்கும் இருந்த பள்ளத்தை நிரப்ப, 1869 ஜனவரி 1 முதல் தானிய அரைவை வரி வந்தது. கோதுமைக்குக் குவிண்டாலுக்கு 2 லிரா. ஆலைக் கல்லில் சுற்றுகளை எண்ணும் கருவி பொருத்தி, சுற்றின் கணக்குப்படி ஆலைக்காரரிடம் வசூலித்தார்கள். அவர் அதை மாவு அரைக்க வந்தவர் தலையில் வைத்தார். ரொட்டியும் சோளக் களியும் உண்டு வாழ்ந்த ஏழைக்குத்தான் அது விழுந்தது, ஏனெனில் செல்வருக்கு மாவுச் செலவு வருமானத்தில் ஒரு துளி.

ஆலைகள் மூடப்பட்டன, கலகம் வெடித்தது, ஏறத்தாழ 250 பேர் இறந்தார்கள். கலகம் உச்சத்தில் இருந்த இடம் தெற்கு அல்ல, எமிலியா. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் 756 எதிர்ப்பு வாக்குகள் மட்டுமே விழுந்த எமிலியா! அங்கே ஒழுங்கை நிலைநாட்ட அனுப்பப்பட்டவரும் அதே கடோர்னாதான். 1870 செப்டம்பர் 20 அன்று ரோமின் மதிலைப் பீரங்கியால் உடைத்து உள்ளே நுழைந்த படைக்கும் அவரே தலைவர், அக்டோபரில் அங்கேயும் வாக்கெடுப்பு நடந்தது, 1,33,681 ஆம், 1,507 இல்லை. கவூர், கரிபால்டி, மாஜினி என்று மூவர் படத்தைப் பாடநூலில் போடுகிறோம். நாட்டைக் கட்டிய விதத்தைக் காட்ட வேண்டுமானால் நான்காவதாகக் கடோர்னாவைப் போடலாம்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: இந்த வரியால்தான், 1876 மார்ச்சில் வரவும் செலவும் சமமாகிவிட்டன என்று பிரதமர் மிங்கெத்தி அறிவிக்க முடிந்தது. அறிவித்த இரண்டாம் நாள் அவருடைய அரசு கவிழ்ந்தது.

ஜூன் 17

ஜெர்மனியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று கேட்டவருக்குச் சுருக்கமாக. பிரஷ்யாவின் பிரதமர் பிஸ்மார்க் தலைகீழாகச் செய்தார். 1866இல் ஹானோவர், ஹெஸ்ஸே-காசல், நஸ்ஸாவ், பிராங்க்பர்ட் ஆகியவற்றை விழுங்கும்போது எவரிடமும் வாக்குக் கேட்கவில்லை. வடக்கு ஷ்லெஸ்விக்கில் வாக்கெடுப்பு நடத்துவதாக, 1866 போரை முடித்த பிராக் உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவில் ஒப்புக்கொண்டு, பிறகு 1878இல் ஆஸ்திரியாவோடு பேசி அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார். அங்கே வாக்கெடுப்பு நடந்தது 1920இல். ஆனால் 1867இல் வட ஜெர்மன் நாடாளுமன்றத்துக்கு 25 வயது நிரம்பிய ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்தார். சேர்க்கும்போது கேட்காமல், சேர்த்தபின் வாக்குரிமை தருவது ஒரு முறை. சேர்க்கும்போது எல்லோரையும் கேட்டுவிட்டு, பிறகு இரண்டு சதவீதத்தினரை மட்டும் கேட்பது இன்னொரு முறை. பிரஷ்யாவுக்குள் வரி கட்டும் அளவுக்கேற்ப மூன்று வகுப்பாக வாக்காளரைப் பிரித்த ஏற்பாடு அப்படியே இருந்தது என்பதால், பிஸ்மார்க்கை மக்களாட்சிக்காரர் என்று யாரும் கொண்டாட வேண்டாம்.

ஜூன் 18

குடியரசுவாதியான மாஜினி எங்கே போனார் என்பது நல்ல கேள்வி. இளம் இத்தாலி இயக்கத்தில் சேர்வோருக்கு அவர் வகுத்த சபதத்தைப் பாரதியார் தமிழ்ப் பாடலாக்கியதால், நம்மில் பலர் இத்தாலியை அந்த வழியாகத்தான் முதலில் அறிந்தோம். 1866இல் சிசிலியின் மெஸ்ஸினாத் தொகுதி அவரை நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அவர் மீது பீட்மாண்டின் பழைய மரண தண்டனைத் தீர்ப்பு நிலுவையில் இருக்கிறது என்று தேர்தலை ரத்து செய்தார்கள். மறுபடி தேர்ந்தெடுத்தது, மறுபடி ரத்து. மூன்றாம் முறை ஏற்றுக்கொண்டபோது, மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மாட்டேன் என்று அவரே மறுத்துவிட்டார். சபதம் செய்வித்தவருக்குச் சபதத்தின் எடை தெரியும். 1872இல் பிசா நகரில் பிரவுன் என்ற புனைபெயரில் தங்கியிருந்தபோது இறந்தார்.

ஜூன் 21

வாக்குரிமை எப்போது விரிந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். 1882இல் வயது 21ஆகக் குறைந்தது. தொடக்கக் கல்வியில் இரண்டாண்டுத் தேர்ச்சியோ 19.80 லிரா வரியோ போதும் என்றானது. வாக்காளர் ஆறு லட்சத்திலிருந்து இருபது லட்சமாக உயர்ந்தார்கள். எழுத்தறிவைத் தகுதியாக்கியதால் பள்ளிகள் குறைவாக இருந்த தெற்கு மறுபடியும் பின்தங்கியது. அரைவை வரி 1884இல் முற்றாக நீங்கியது. ஏறத்தாழ எல்லா ஆண்களுக்கும் வாக்குரிமை வந்தது 1912இல்.

விக்டர் இம்மானுவேலின் சவாய் அரச வம்சத்தைப் பற்றிய கேள்வி மறுபடி மக்கள் முன் வைக்கப்பட்டது 1946 ஜூன் 2 அன்று. இம்முறை வாக்கு ரகசியமானது, பெண்களும் வாக்களித்தார்கள். நாடு முழுவதும் குடியரசுக்கு 54 சதவீதம். எமிலியா குடியரசைப் பெரும்பான்மையில் தேர்ந்தது. நேப்பிள்ஸைச் சூழ்ந்த கம்பானியா மாநிலமோ நான்கில் மூன்று பங்குக்கு மேல் மன்னருக்கே வாக்களித்தது. வடக்கு தெற்கைப் பிடித்த கதையை மட்டும் சொல்பவர்களால் இதை விளக்க முடியாது, என்னாலும் முழுமையாக விளக்க முடியவில்லை. பாசிசத்துக்கு எதிரான ஆயுதப் போராட்டம் வடக்கில்தான் நீண்டது, தெற்கில் நேச நாட்டுப் படைகள் 1943இலேயே வந்துவிட்டன என்பது ஒரு காரணம். நிலக்கிழாரும் பாதிரிமாரும் குடியரசை இடதுசாரிகளோடு சேர்த்துப் பார்த்து அஞ்சியது இன்னொரு காரணம். வேறு காரணம் தெரிந்தவர்கள் எழுதலாம், எண்களோடு எழுதுங்கள்.